இரண்டு கவர், ஒரே பத்துப் பேர்

அத்தியாயம் 5

வேலை வெட்டி இல்லாதவன் சீட்டாடுவான். கடை கண்ணி, கார், டிரைவர் என்று எல்லாம் வைத்துக்கொண்டு வாழ்கிறவன் பொழுதுபோக்குக்கு என்ன செய்வான் என்பது வசுந்தராவுக்கு அன்று காலை பத்து மணிக்குத்தான் தெரிந்தது. அமெரிக்காவில் கூடைப்பந்து ஆடுகிற பத்துப் பேரின் பெயரைக் காகிதத்தில் எழுதி, 'இது என் டீம்' என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவானாம்.

"இன்னொரு தடவை சொல்லும்மா," என்றாள் வசுந்தரா. பதினாறு வருடமாகத் துப்பறியும் தொழிலில் இருக்கிறாள். நகைத் திருட்டு, ஓடிப்போன மாப்பிள்ளை, போலிப் பத்திரம் எல்லாம் பார்த்தாயிற்று. இப்படி ஒரு கேஸ் அவளுடைய காமராஜர் சாலை ஆபீஸ் படியேறி வந்ததில்லை.

எதிரே உட்கார்ந்திருந்தவள் தமிழ்ச்செல்வி. பசுமலையில் ஒரு கூடைப்பந்து கிளப்பில் பெண் பிள்ளைகளுக்குக் கோச். முப்பது வயது இருக்கும். டிராக் பேன்ட்டோடு நேராக மைதானத்திலிருந்து வந்திருந்தாள்.

"எட்டுப் பேரு மேடம். எல்லாரும் கிளப் மெம்பருங்க. கிளப் குடுத்த அறுபது பேரு பட்டியல்லேர்ந்து ஆளுக்குப் பத்து பிளேயர் பேரை வரிசையா எழுதி, கவர்ல போட்டு ஒட்டிக் குடுக்கணும். ஒரே பேரை ரெண்டு பேரு கேட்டா சீட்டுக் குலுக்குவாங்க, தோத்தவங்களுக்கு அந்த இடம் காலி. அப்புறம் அமெரிக்காவுல அந்தப் பிளேயர் மேட்ச்ல எடுக்குற பாயிண்டெல்லாம் இங்க இவங்க கணக்குல ஏறும். சீசன் முடியிறப்ப யாருக்குக் கூடுதலோ அவங்க ஜெயிச்சாங்க."

"ஜெயிச்சா என்ன கிடைக்கும்?"

"ஒரு கப்பு. அப்புறம் வருசம் பூரா பேச்சு. 'என் டீம் பெருசா, உன் டீம் பெருசா'ன்னு வாட்ஸ்அப் குரூப்புல ராத்திரி பகலா சண்டை."

"இவங்கள்ல யாராச்சும் நெசமாவே பந்தைத் தொட்டிருக்காங்களா?" என்று குறுக்கே வந்தான் பேச்சிமுத்து. வசுந்தராவின் உதவியாளன். முப்பத்தாறு வயது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை, வாய்க்கு மட்டும் ஓய்வே கிடையாது.

"கோர்ட் திறப்பு விழா அன்னைக்குத் தொட்டாங்க," என்றாள் தமிழ்ச்செல்வி. சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். போன ஞாயிற்றுக்கிழமை கவர்களைப் பிரித்தார்கள். கிளப் தலைவர் ராஜகுருவின் கவரிலும் செயலாளர் அழகுமலையின் கவரிலும் ஒரே பத்துப் பெயர். ஒரே வரிசை. ஒரு பெயர்கூட மேலே கீழே இல்லை. கவர்கள் ஆறு நாள் ஆபீஸ் பீரோவில் இருந்தன. பீரோ சாவி தமிழ்ச்செல்வியிடம். தன் கவரை அவள் பிரித்து அழகுமலைக்குக் காட்டினாள் என்று ராஜகுரு சொல்கிறார். அழகுமலையோ, இல்லை, தன் கவரைத்தான் ராஜகுருவுக்குக் காட்டினாள் என்கிறார். எட்டு வருடமாக எதிலும் ஒத்துப்போகாத இரண்டு பேரும் இதில் மட்டும் ஒத்துப்போனார்கள்.

"இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு மீட்டிங். என்னை வேலைய விட்டு அனுப்பப் போறாங்க. வேலை போனாக்கூடப் பொறுத்துக்குவேன் மேடம். அந்த லெட்டர்ல 'திருட்டு'ன்னு எழுதப் போறாங்களாம். அந்த லெட்டரோட போனா எந்தப் பள்ளிக்கூடம் என்னைச் சேர்க்கும்? அடுத்த வாரம் திருச்சியில ஸ்டேட் மேட்ச். பன்னெண்டு பிள்ளைங்க. நான் இல்லேன்னா டீமே போகாது."

கண் கலங்கியது, ஆனால் அழவில்லை. வசுந்தராவுக்கு அது பிடித்தது. அந்த எட்டுப் பேரில் ராஜகுருவை மட்டும் தன் தெருக்காரர் என்று தெரியும், ஆனால் எட்டுப் பேரையுமே பிடிக்காமல் போயிற்று.

"ஆதாரம் ஏதாவது வச்சிருக்காங்களா?"

தமிழ்ச்செல்வி போனை நீட்டினாள். லிஸ்ட் தன் சொந்தச் சரக்கு என்று நிரூபிப்பதற்காக ராஜகுரு குரூப்பில் போட்ட போட்டோ. ஒரு நீளத் தாள். இடப்பக்கம் அறுபது ஆட்டக்காரர்களின் பெயர். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பத்துக் கட்டம். கட்டத்துக்குக் கட்டம் பச்சை மையில் டிக், அல்லது சிவப்பு மையில் பெருக்கல் குறி. கட்டங்களின் தலைப்பு வரியைத் தன் கட்டைவிரலால் மறைத்திருந்தார். கீழே, 'பத்து அம்ச டேட்டா மாடல். மூன்று மாத உழைப்பு. காப்பியடிப்பவர்களுக்கு வெட்கம் வேண்டும்' என்று ஒரு வரி.

"நீ கோச். சொல்லு, லிஸ்ட் எப்படி?"

"குப்பை மேடம்," என்றாள் தமிழ்ச்செல்வி பட்டென்று. "மூணாவது பேரு ஓடிஸ் ஹாம்லின். அவனுக்கு முழங்கால் ஆபரேஷன், இந்த சீசன்ல கோர்ட்டுக்குள்ளயே வரமாட்டான். இந்த வருசம் நம்பர் ஒன் ஆட்டக்காரன் கார்விஸ் ப்ளூம். அவன் பேரை அடிச்சே விட்டிருக்காங்க. நான் திருடுறதா இருந்தா இந்த லிஸ்ட்டையா திருடுவேன்?"

வசுந்தரா போட்டோவைப் பெரிதாக்கினாள். கார்விஸ் ப்ளூமுக்கு எட்டு டிக், இரண்டு பெருக்கல். பெயர் மேல் அழுத்தமாக ஒரு கோடு. ஓடிஸ் ஹாம்லினுக்கு ஆறே டிக். அவன் தேர்வாகியிருந்தான்.

"பேச்சி, வண்டிய எடு. பரவைக்குப் போறோம்."

பரவை மார்க்கெட்டில் அழகுமலையின் கமிஷன் கடை. தக்காளிப் பெட்டிகள் ஆளுயரத்துக்கு நிற்க, நடுவே மின்விசிறிக்குக் கீழே அவர் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தார். லோடு இறக்கியவன் பில்லை நீட்டிக்கொண்டு நிற்கிறான், இவர் நிமிரவே இல்லை. ராஜகுருவின் டீமையும் தன் டீமையும் ஒப்பிட்டுக் குரூப்பில் எழுதிக்கொண்டிருந்தார். இரண்டும் ஒரே டீம். அதில் ஒப்பிட என்ன இருக்கிறது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

"டிடெக்டிவா? பொம்பளையா?" என்றார் வசுந்தராவின் கார்டைப் பார்த்துவிட்டு.

"ரெண்டும்தான். கார்விஸ் ப்ளூமை ஏன் எடுக்கல?"

"அவன் நமக்குச் சரிப்பட்டு வரமாட்டான்."

"அவன்தான் டாப்புங்குறாங்களே அண்ணே," என்றான் பேச்சிமுத்து.

"டாப்பா இருந்தா என்னப்பா? நம்ம பக்கத்துக்கு ஒத்துவரணும்ல? பேரு, புகழ மட்டும் பார்த்தாப் போதுமா?"

"ஓடிஸ் ஹாம்லின்?"

"தங்கமான பையன்," என்றார் அழகுமலை. குரலில் ஒரு குழைவுகூட வந்தது.

"முழங்கால் போயிருச்சாமே."

"அதெல்லாம் போகப் போகச் சரியாயிரும். இந்தாம்மா, திருடுனது ராஜகுரு. உள்ளாளு அந்தக் கோச்சுப் பொண்ணு. நான் மூணு மாசம் மேட்ச் மேட்ச்சா உக்காந்து பார்த்து, மூளைய ஓட்டி எழுதுன லிஸ்ட்டு அது. அம்புட்டுதேன். சோலியப் பாருங்க."

திண்டுக்கல் ரோட்டில் ஸ்கூட்டர் திரும்பியது. பேச்சிமுத்து ஓட்டினான், வசுந்தரா பின்னால். ஒரு கிலோமீட்டர் வரைக்கும் பேச்சிமுத்து வாயை மூடிக்கொண்டிருந்தது அந்த வருடத்திலேயே முதல் தடவை.

"என்னடா யோசனை?"

"ஒண்ணுமில்லக்கா. அந்த ஆளு பேசுனதை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கு. 'தங்கமான பையன்', 'ஒத்துவரணும்ல', 'போகப் போகச் சரியாயிரும்'... எனக்குப் பொண்ணு பார்க்கப் போனப்பல்லாம் பொண்ணு வீட்டுல இந்த மாதிரிதான் பேசுவாக."

"வண்டிய நிறுத்து."

நிறுத்தினான். பின்னால் வந்த மினி லாரி ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனது. வசுந்தரா இறங்கி, போட்டோவை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"பேச்சி, ஒரு பரீட்சை. மொத்தம் பத்து மார்க். எட்டு வாங்குனவன் ஃபெயில். ஆறு வாங்குனவன் பாஸ். அது என்ன பரீட்சை?"

பேச்சிமுத்து போட்டோவைப் பார்த்தான். முகத்தில் இருந்த குறும்பு மெல்ல வடிந்தது.

"ரஜ்ஜு தட்டுதுக்கா," என்றான். "பத்துப் பொருத்தத்துல ஒன்பது இருந்தாலும் ரஜ்ஜு இல்லேன்னா கோடு போட்டுருவாங்க. எனக்குப் பதினோரு தடவை போட்டாங்க. ஒரு பொண்ணுக்கு எட்டுப் பொருத்தம் இருந்துச்சு. அது பேரு வித்யாஸ்ரீ. நல்ல பொண்ணு."

வசுந்தரா அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். கேலி செய்ய அவளுக்கு எத்தனையோ சந்தர்ப்பம் உண்டு, இது அதில்லை.

"பச்சை மையில டிக்கு, சிவப்பு மையில பெருக்கலு," என்று அவனே மூக்கை உறிஞ்சிக்கொண்டு தொடர்ந்தான். "மத்த ஜோசியரெல்லாம் 'உண்டு, இல்லை'ன்னு எழுதுவாங்க. இப்புடிப் பரீட்சைப் பேப்பர் திருத்துற மாதிரி போடுறவரு மதுரையில ஒருத்தருதேன். ஆரப்பாளையம் சந்தானம். முன்னாடி கணக்கு வாத்தியாரு. என் சாதகத்தைப் பார்க்காத சோசியரு இந்த ஊர்ல கிடையாதுக்கா. கண்ணை மூடிக்கிட்டு அட்ரஸ் சொல்லுவேன்."

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச்சந்தில், லாட்ஜுக்கு மேல் மாடியில் இருந்தார் சந்தானம். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு பேனா. ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. போட்டோவைக் காட்டியதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"என் கையெழுத்துதான். என்ன, வரன் ஏதாச்சும் முடிஞ்சுதா?"

வசுந்தரா பேச்சிமுத்துவைப் பார்த்தாள். அவன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டான். பார்க்காவிட்டால் சிரித்திருப்பான்.

"இந்த லிஸ்ட்டை வேற யாருக்காவது காமிச்சீங்களா ஐயா?" என்றாள் வசுந்தரா. திருட்டு இங்கேதான் நடந்திருக்கிறது, ஒருவருக்குப் பார்த்ததை இவர் இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார் என்று அந்த நிமிடம் வரைக்கும் நம்பினாள்.

சந்தானத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "ஒரு வீட்டுப் பொருத்தத்தை இன்னொரு வீட்டுக்குக் காமிக்கிற ஆள் நான் இல்லம்மா. அவங்கவங்களுக்குத் தனித்தனியா உக்காந்துதான் பார்த்தேன். ராஜகுருங்கிறவருக்கு ஒரு நாள். அழகுமலைங்கிறவருக்கு நாலு நாள் கழிச்சு."

"ரெண்டு பேரும் வந்தாங்களா?"

"ஆமா. ரெண்டு பேரும் அறுபது பையனோட பிறந்த தேதி கொண்டாந்தாங்க. அத்தனையும் அமெரிக்கா வரன். ஒரே அறுபது பேருங்கவும், கல்யாணப் புரோக்கர் ஒருத்தர்தான் போலன்னு நெனச்சேன். பொண்ணு நட்சத்திரம் என்னன்னு கேட்டேன். ரெண்டு பேரும் ஆயில்யம்னாங்க. எனக்கு ஆச்சரியமாப் போச்சும்மா. ஆயில்யம்னாலே மாமியாருக்கு ஆகாதுன்னு ஓடுற ஊரு இது. அதுல அறுபது வரனா? அமெரிக்காவுல மாமியாருங்க தைரியசாலிங்க போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

போன வருடம் ராஜகுருவின் அறுபதாம் கல்யாணத்துக்கு வசுந்தரா போயிருந்தாள். சொந்தம் இல்லை, ஆனால் இரண்டு குடும்பமும் ஒரே சௌராஷ்டிரத் தெரு. பத்திரிகையில் ராஜகுருவின் பெயருக்குப் பக்கத்தில் 'ஆயில்யம் நட்சத்திரம்' என்று கொட்டை எழுத்தில் அடித்திருந்தது.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. திருட்டே நடக்கவில்லை. தனக்கும் ஆட்டக்காரனுக்கும் பொருத்தம் பார்த்திருக்கிறார் ராஜகுரு. கட்டத்தில் பெண் என்று ஓர் ஆள் வேண்டுமே, அந்த இடத்தில் தன்னையே உட்காரவைத்திருக்கிறார். அழகுமலையும் அப்படியே. இரண்டு மணப்பெண்களுக்கும் ஒரே நட்சத்திரம், மாப்பிள்ளைகளும் அதே அறுபது பேர். அப்புறம் பொருத்தம் மட்டும் எப்படி மாறும்? வேறு வேறு நட்சத்திரத்தில் பிறந்திருந்தால் தமிழ்ச்செல்வி பாட்டுக்குப் பிள்ளைகளோடு திருச்சிக்குப் போயிருப்பாள். இரண்டு பேரும் பெயரை மாற்றிக்கூடச் சொல்லவில்லை. அதற்கும் கொஞ்சம் மூளை வேண்டும்.

"சாயங்காலம் ஒரு போன் போடுவேன் ஐயா. எடுப்பீங்களா?"

"தாராளமா. பொண்ணுங்க நல்லா இருந்தாச் சரி," என்றார் சந்தானம்.

மணி ஐந்து. பசுமலை கோர்ட்டின் நடுவே எட்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு எட்டுப் பேரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பன்னிரண்டு பிள்ளைகள் ஷூவைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றன. தமிழ்ச்செல்வி அவர்களோடு நின்றாள். அவளுக்கு நாற்காலி போடவில்லை. ராஜகுருவின் மடியில் டைப் அடித்த லெட்டர் இருந்தது.

வசுந்தரா இரண்டு பேரையும் கூடைக் கம்பத்துக்குப் பின்னால் தனியாகக் கூப்பிட்டாள். நீளமாகப் பேசவில்லை.

"ஆரப்பாளையம், லாட்ஜ் மாடி, பச்சைப் பேனா. ரெண்டு பேருக்கும் ஆயில்யம்."

ராஜகுரு அழகுமலையைப் பார்த்தார். அழகுமலை ராஜகுருவைப் பார்த்தார். இப்படி ஒரு காரியத்தைச் செய்கிற வெட்கங்கெட்ட ஆள் மதுரையிலேயே தான் ஒருவன்தான் என்று இரண்டு பேரும் தனித்தனியாக நம்பியிருந்தார்கள். அதனால்தான் எதிராளி திருடிவிட்டான் என்று அடித்துச் சொல்ல முடிந்தது. பார்த்த பார்வையில் அது தெரிந்தது.

தெரிந்த பிறகாவது ஒரு மனுஷன் என்ன செய்வான்? தலையைக் குனிந்துகொண்டு அந்தப் பெண்ணிடம் போவான். ராஜகுரு குரலைத் தாழ்த்தி, வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் வசுந்தராவிடம் பேசினார். நம்ம தெருப் பிள்ளை நீ, இதை இத்தோடு விட்டுவிடு, அவளுக்கு வேறு இடத்தில் வேலை வாங்கித் தருகிறேன், லெட்டரை மட்டும் இன்றைக்குக் கொடுத்துவிடுகிறேன் என்றார்.

"லெட்டர்ல திருட்டுன்னு போடாம, 'சொந்தக் காரணம்'னு மாத்திருவோம்ணே," என்றார் அழகுமலை, அவர் என்ன பேசினார் என்று புரியாமலே. எட்டு வருடப் பகை அரை நிமிடத்தில் தீர்ந்து, அண்ணே வரைக்கும் வந்துவிட்டது. "வெளிய தெரிஞ்சா ஊரு சிரிச்சுப்புடும்த்தா."

வசுந்தராவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. திருடனைப் பிடித்திருக்கிறாள், பொய்யனைப் பிடித்திருக்கிறாள், அவர்களிடம்கூட ஏதோ ஒரு பசி இருக்கும். இவர்களுக்குப் பசியும் இல்லை. வாட்ஸ்அப்பில் நாலு பேர் சிரிக்கக்கூடாது என்பதற்காக ஒரு பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போடத் தயாராக இருந்தார்கள். அவளுக்கு வீட்டு மொழி நன்றாக வரும். ஆனாலும் தமிழிலேயே பதில் சொன்னாள், பேச்சிமுத்துவுக்கும் புரியட்டும் என்று.

"நம்ம தெருன்னு சொன்னீங்களே, அதை வெளிய சொல்லிராதீங்க. எனக்கு அசிங்கம்."

நேராக வட்டத்துக்கு நடுவே போய் நின்று, போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஐயா, வசுந்தரா பேசுறேன். ராஜகுருவும் அழகுமலையும் இங்கதான் இருக்காங்க."

"அப்படியா, ரொம்ப சந்தோஷம்," என்றது சந்தானத்தின் குரல், கோர்ட் முழுக்கக் கேட்கும்படியாக. "ராஜகுரு ஐயா, பொண்ணுக்கு எந்த வரனை முடிச்சீங்க? அழகுமலை ஐயா, உங்களுக்கும் அதேதான் சொல்றேன். கார்விஸ் ப்ளூம் வேண்டாம், ரஜ்ஜு தட்டுது. ஓடிஸ் ஹாம்லினை மட்டும் விட்டுறாதீங்க. பொருத்தம் ஆறுதான், ஆனா ஆயில்யப் பொண்ணுக்கு அந்த மாதிரிப் பையன் அமையாது."

மற்ற ஆறு பேருக்கும் புரிவதற்கு ஐந்து வினாடி ஆயிற்று. முதலில் ஒருவர் இருமினார். அடுத்தவர் துண்டால் வாயைப் பொத்தினார். அப்புறம் யாராலும் எதையும் பொத்த முடியவில்லை.

"மாப்பிள்ளைக்கு முழங்கால் சரியில்லீங்க ஐயா," என்று போனுக்குக் குனிந்து சொன்னான் பேச்சிமுத்து. "மத்தபடி பொண்ணுங்க ரெண்டும் மூக்கும் முழியுமா இருக்குதுங்க."

வசுந்தரா போனை அணைத்தாள். ராஜகுரு லெட்டரை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் திணிக்கப் பார்த்தார். தமிழ்ச்செல்வி அவர் எதிரே வந்து கையை நீட்டினாள்.

"மனசுல எதுவும் வச்சுக்காதம்மா," என்றார் ராஜகுரு. "ஒரு குழப்பத்துல நடந்துபோச்சு. உன் வேலை உன்கிட்டயேதான். நாங்க எல்லாரும் உன்கிட்ட..."

"அந்த லெட்டரைக் குடுங்க சார்."

கொடுத்தார்.

"திருட்டுன்னு எழுதியிருக்கிற வரிய அடிங்க. பக்கத்துல 'பொய்'னு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க."

பேனா தேடினார்கள். இரண்டு பேர் பையிலும் இல்லை. பேச்சிமுத்து தன்னுடையதைக் கொடுத்தான். ராஜகுரு போட்டார். அழகுமலை, "நான் வேற போடணுமா?" என்று முனகினார், அப்புறம் அவரும் போட்டார்.

தமிழ்ச்செல்வி தாளை வாங்கி இரண்டு தடவை படித்தாள். மடித்து வைத்துக்கொண்டாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அஞ்சரை. பிள்ளைங்களுக்கு பிராக்டிஸ் டைம் சார். சேரைத் தூக்கிட்டுக் கோர்ட்டை விட்டு இறங்குங்க."

எட்டுப் பேரும் எழுந்து, ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கினார்கள். அவர்கள் நகர்வதற்குள்ளேயே பிள்ளைகள் பந்தைத் தட்டிக்கொண்டு உள்ளே ஓடி வந்துவிட்டன. நடுக்கோட்டிலிருந்து ஓரத்துக்கு வந்து சேர்வதற்குள் ராஜகுருவுக்கு மூச்சு வாங்கியது.